அரச விமான சேவைகளும் எஞ்சின் பராமரிப்பு உடன்படிக்கைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரிலே புதுக்கடை என்றவுடன் நீதிமன்றங்களே நினைவுக்கு வரும். 1656இல் கொழும்புக் கோட்டை முற்றுகையின்போது மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ற்றின் பெயரை ஆங்கில வழக்கில் இன்றும் தாங்கி நிற்கும் இப்பகுதியில் உயர் நீதிமன்றமும், மேன்முறையீட்டு நீதிமன்றமும், சட்டமா அதிபர் திணைக்களமும், சட்டக் கல்லூரியும் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. காணி உறுதியொன்றைக் கையிலெடுக்கும் முதிர்ந்த சட்டத்தரணி முதலில் விலையைப் பார்ப்பதில்லை. கிணற்றுப் பங்கு எழுதப்பட்டுள்ளதா, வழிவாய்க்கால் உரிமை சொல்லப்பட்டுள்ளதா என்றே பார்ப்பார். காணி கைக்கு வந்தும் நீருக்கு அயலவனின் தயவை நாடவேண்டிய நிலை எத்தகையது என்பதை யாழ்ப்பாணத்து வழக்குகள் தலைமுறை தலைமுறையாக உணர்த்தி வந்துள்ளன.

விமானம் வாங்கும் அரசுகளுக்கும் இவ்வறிவு வேண்டியதாகும். விமானத்தின் எஞ்சின் காணியைப் போன்றது. அதனைப் பழுதுபார்க்கும் உரிமையும் ஆற்றலும் கிணற்றுப் பங்கைப் போன்றன. இலங்கை அரசின் விமான சேவை 1947 முதல் பல எஞ்சின்களை வாங்கியும் குத்தகைக்குப் பெற்றும் வந்துள்ளது. அவ்வுடன்படிக்கைகளில் பராமரிப்பு பற்றிய வாசகங்கள் எவ்விடத்தைப் பெற்றன, அதனால் விளைந்தது யாது என்பதை அயல்நாட்டு அனுபவங்களோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விற்பனை விலையும் வாழ்நாள் விலையும்

ஜெற் எஞ்சின் வாணிகத்தின் இயல்பை விளங்கிக்கொள்ளாது இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளல் இயலாது. எஞ்சினின் உள்ளே சுழலும் விசையாழி அலகுகள் தாம் உருகும் வெப்பநிலையை விட உயர்ந்த வெப்பமுடைய வாயுவின் நடுவே வேலைசெய்கின்றன. நிக்கல் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டு, நுண்ணிய துளைகளின் வழியே குளிர்காற்றுச் செலுத்தப்படுவதனாலேயே அவை உருகாது நிற்கின்றன. எனினும் அவை காலப்போக்கில் தேய்வன, நீள்வன, வெடிப்பன. சுழல்தட்டுகள் போன்ற சில உறுப்புகளுக்கு இத்தனை பறப்புகள்தாம் ஆயுள் என விதிக்கப்பட்டுள்ளது. அவ்வெல்லை வந்ததும், பார்வைக்கு நல்ல நிலையில் இருப்பினும், அவற்றைக் கழற்றி எறிதல் கட்டாயமாகும்.

இவ்வுறுப்புகளைச் செய்வதற்கு அதிகாரம் பெற்றவர்கள் மிகச் சிலர். பெரும்பாலும் எஞ்சினை ஆக்கியவரே. ஆகவே ஆக்குவோர் எஞ்சினைப் பெருங்கழிவுடன் விற்றுவிட்டு, அடுத்து வரும் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் உதிரிப்பாகங்களாலும் பழுதுபார்ப்பாலும் இலாபம் ஈட்டுவது இத்தொழிலின் நெடுநாள் வழக்கமாயிற்று. 1962இல் பிரித்தானியாவின் பிறிஸ்ரல் சிட்லி நிறுவனம் வைப்பர் எஞ்சினுக்கு மணிக்கணக்குக் கட்டண முறையொன்றை அறிமுகம் செய்தது. பறந்த ஒவ்வொரு மணிக்கும் குறித்த தொகை செலுத்தினால் பழுதுகள் யாவற்றையும் ஆக்கியவரே ஏற்றுக்கொள்வர் என்பது அதன் சாரம். அந்நிறுவனத்தைப் பின்னர் தன்னுடன் இணைத்துக்கொண்ட றோல்ஸ் றோய்ஸ், 1990களின் பிற்பகுதியிலிருந்து இம்முறையை விரிவாக்கி 'டோற்றல்கெயர்' எனும் பெயரில் உலகெங்கும் பரப்பியது.

இம்முறையில் வாங்குவோனுக்கு நன்மையும் உண்டு. எதிர்பாராத பெருஞ்செலவு வந்து தாக்காது. வரவுசெலவுத் திட்டம் வகுத்தல் எளிதாகும். ஆயின் கட்டணத்தை நிர்ணயிக்கும் நுட்பம் விற்பவனிடமே உள்ளது. எஞ்சின் மிகுதியாகத் தேய்வது மேலெழும்பும் வேளையிலாகும். கொழும்பிலிருந்து இலண்டன் வரை பதினொரு மணிநேரம் பறக்கும் எஞ்சினும், சென்னைக்கோ மாலைதீவுக்கோ ஒன்றரை மணிநேரம் பறக்கும் எஞ்சினும் ஒருமுறையே மேலெழுகின்றன. ஆகவே குறுந்தூரச் சேவைகள் மிக்க நிறுவனம் மணிக்கு மிகுந்த கட்டணம் செலுத்த நேரிடும். வெப்பமும் கடற்காற்றின் உப்பும் தேய்வை மேலும் விரைவாக்குகின்றன. இவற்றையெல்லாம் எண்ணிப் பேரம்பேச வல்ல பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணியும் மேசையின் இப்பக்கத்திலும் இருத்தல் இன்றியமையாதது.

எயர் சிலோன்: கூட்டாளிகளின் காலம்

1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. போக்குவரத்துத் துறைக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் கொத்தலாவலவின் முயற்சியால் வாங்கப்பட்ட மூன்று டக்கோட்டா விமானங்களும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி எனப் பெயர் பெற்றன. அவற்றின் எஞ்சின்கள் உந்துதண்டு வகையின. உலகப் போர்க்காலத்தில் பல்லாயிரக்கணக்கில் ஆக்கப்பட்டமையால் அவற்றின் உதிரிப்பாகங்கள் எங்கும் மலிந்து கிடந்தன. கைத்திறன் மிக்க தொழிலாளர் அவற்றைப் பிரித்துப் பூட்டக்கூடியதாயிருந்தது.

ஜெற் யுகம் இந்நிலையை மாற்றிற்று. நெடுந்தூரச் சேவைகளுக்குப் போதிய மூலதனமின்றி எயர் சிலோன் அடுத்தடுத்துக் கூட்டாளிகளை நாடியது. 1949இல் அவுஸ்திரேலியாவின் ஏ.என்.ஏ. நிறுவனமும், 1950களின் நடுப்பகுதியில் ஒல்லாந்தின் கே.எல்.எம். நிறுவனமும், 1962இல் பிரித்தானியாவின் பி.ஓ.ஏ.சி. நிறுவனமும், 1970களில் பிரான்சின் யூ.ரி.ஏ. நிறுவனமும் அவ்விடத்தைப் பெற்றன. 1962இல் கொமெற் விமானமும் பின்னர் வி.சி.10 விமானமும் எயர் சிலோனின் பெயரில் பறந்தபோதும், விமானமும் எஞ்சினும் கூட்டாளிக்கே உரியனவாதலின் பராமரிப்பும் கூட்டாளியின் கையிலேயே இருந்தது.

எயர் சிலோன் தானாக வாங்கிய விமானங்களிலோ வேறொரு குறை காணப்பட்டது. 1960களில் வந்த அவ்ரோ 748 விமானம் றோல்ஸ் றோய்ஸ் டார்ட் எஞ்சினைக் கொண்டது; நோர்ட் 262 விமானம் பிரெஞ்சு நாட்டுப் பஸ்தான் எஞ்சினைக் கொண்டது; 1969இல் வந்த ஒரேயொரு ட்றைடென்ற் விமானம் ஸ்பே எஞ்சினைக் கொண்டது; எஞ்சியிருந்த டக்கோட்டாவோ பழைய அமெரிக்க எஞ்சினையே நம்பியிருந்தது. கைவிரலில் எண்ணக்கூடிய விமானங்களுக்கு இத்தனை வகை எஞ்சின்கள். ஒவ்வொரு வகைக்கும் தனிக் கருவிகளும் தனிப் பயிற்சியும் தனி உதிரிப்பாகக் களஞ்சியமும் வேண்டும். ஒரே வகை எஞ்சின் பல இருந்தாலன்றிப் பட்டறை பிழைக்காது. ஆகவே உள்நாட்டுப் பராமரிப்பைக் கேட்டுப் பெறும் வலு, விமானங்களைத் தெரிவுசெய்த வேளையிலேயே சிதறிப்போயிற்று என்பது நோக்கற்பாலது.

எயர் லங்காவும் ட்றைஸ்டாரும்

எயர் சிலோன் நட்டத்தில் மூழ்கி மறைய, 1979 ஜனவரியில் எயர் லங்கா தாபிக்கப்பட்டது. அதன் முதல் விமானம் அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி பறந்தது. சிங்கப்பூர் விமான சேவையே இரண்டு போயிங் 707 விமானங்களைக் குத்தகைக்குத் தந்து, நிர்வாகத்திலும் வழிகாட்டிற்று. இச்செய்தி பின்னர் வரும் ஒப்பீட்டுக்கு வேண்டியதாதலின் நினைவில் கொள்ளத்தக்கது.

1980களின் தொடக்கத்தில் எயர் லங்கா லொக்ஹீட் ட்றைஸ்டார் விமானங்களுக்கு மாறியது. ட்றைஸ்டாருக்குப் பொருந்தியது றோல்ஸ் றோய்ஸின் ஆர்.பி.211 எஞ்சின் ஒன்றே. அதனை ஆக்குவதற்கான செலவைத் தாங்கமாட்டாது 1971 பெப்ரவரியில் றோல்ஸ் றோய்ஸ் முறிவடைய, பிரித்தானிய அரசு அதனைப் பொறுப்பேற்றது. 1987இல் தனியார்மயமாகும் வரை அது அரச நிறுவனமாகவே விளங்கியது. ஆகவே எயர் லங்காவின் ட்றைஸ்டார் வாணிகத்தில் ஒருபுறம் அரசு எஞ்சின் விற்க, மறுபுறம் அரசு எஞ்சின் வாங்கியது எனலாம்.

ட்றைஸ்டாரின் பெயர் வேறொரு வகையிலும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. யப்பானிய விமான சேவையொன்று ட்றைஸ்டாரைத் தெரிவுசெய்வதற்காக லொக்ஹீட் நிறுவனம் இலஞ்சம் வழங்கிய செய்தி 1976இல் அமெரிக்க செனற் சபை விசாரணையில் வெளியாயிற்று. அவ்வாண்டு யூலையில் முன்னாள் பிரதமர் தனக்கா கைதானார். 1983இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். வெளிநாட்டு அலுவலருக்கு இலஞ்சம் கொடுத்தலைக் குற்றமாக்கும் அமெரிக்கச் சட்டம் 1977இல் பிறந்ததற்கு இத்தகைய வெளிப்பாடுகளே காரணமாயின.

பின்னர் எயர்பஸ் விமானங்கள் வந்தன. 1998இல் எமிறேற்ஸ் நிறுவனம் 26 சதவீதப் பங்குகளையும் பத்தாண்டு முகாமைத்துவ உரிமையையும் பெற்றது. மறு ஆண்டு ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் எனும் பெயர் சூட்டப்பட்டது. ஏ330 விமானத்துக்கு அக்காலத்தில் மூன்று நிறுவனங்களின் எஞ்சின்கள் போட்டியிட்டன. அவற்றுள் றோல்ஸ் றோய்ஸின் ட்ரென்ற் 700 தெரிவாயிற்று. கட்டுநாயக்கவில் விமானத்தின் உடலைப் பிரித்துச் சோதித்துச் சீர்செய்யும் ஆற்றல் வளர்ந்தது. ஐரோப்பிய வான்போக்குவரத்து அதிகாரசபையின் அங்கீகாரமும் கிடைத்தது. நமது பொறியியலாளரின் திறமைக்கு இது சான்றாகும். ஆயினும் ட்ரென்ற் எஞ்சினை முற்றாகப் பிரித்துச் சீர்செய்யும் பட்டறை இலங்கையில் எழவில்லை. அத்தகைய பட்டறைகள் டாபி, சிங்கப்பூர், ஹொங்கொங் முதலிய இடங்களிலேயே இருந்தன.

சிங்கப்பூரும் இந்தியாவும்

எயர் லங்காவுக்கு வழிகாட்டிய சிங்கப்பூர் விமான சேவையும் அரசின் முதலீட்டில் எழுந்ததே. அதன் நாடு பரப்பில் இலங்கையின் நூற்றிலொரு பங்களவே ஆகும். அதுவும் எஞ்சின் ஆக்கும் நாடன்று. ஆயின் எஞ்சின் வாங்கும்போது அது பெருந்தொகையாக வாங்கியது. வாங்கும் வலுவைப் பட்டறையாக மாற்றிக்கொண்டது. பிறற் அன்ட் விற்னி நிறுவனத்தோடு கூட்டாக ஒரு பட்டறையும், றோல்ஸ் றோய்ஸோடும் ஹொங்கொங் பொறியியல் நிறுவனத்தோடும் கூட்டாக மற்றொரு பட்டறையும் சிங்கப்பூரில் எழுந்தன. 1995இல் போயிங் 777 விமானங்களுக்கு ட்ரென்ற் 800 எஞ்சினைத் தெரிவுசெய்த சிங்கப்பூர், 2001 முதல் ட்ரென்ற் எஞ்சின்களைத் தன் மண்ணிலேயே சீர்செய்யத் தொடங்கியது. பிற நாட்டு விமான சேவைகளின் எஞ்சின்களும் அங்கே வந்தன. எஞ்சினை வாங்கியவன் எஞ்சினை விற்பவனின் இலாபத்திலும் பங்காளியானான்.

இந்தியாவின் வரலாறு சற்று வேறானது. 1960இல் எயர் இந்தியாவுக்கு வந்த போயிங் 707 விமானங்கள் றோல்ஸ் றோய்ஸ் கொன்வே எஞ்சினைக் கொண்டிருந்தன. பம்பாயில் ஜெற் எஞ்சின் பழுதுபார்ப்பு வளர்ந்தது. 1989இல் ஏ320 விமானங்களை வாங்கிய இந்தியன் எயர்லைன்ஸ், அவற்றின் வி2500 எஞ்சின்களுக்கெனத் தில்லியில் பட்டறை நடத்திற்று. 2005இல் 68 போயிங் விமானங்களுக்கு உடன்பட்டபோது நாக்பூரில் 100 மில்லியன் டொலர் செலவில் பராமரிப்பு நிலையம் அமைத்துத் தருவதாகப் போயிங் ஒப்புக்கொண்டது. அந்நிலையம் திறக்கப்பட்டதோ 2015இலாகும். பத்தாண்டுத் தாமதத்தின் பின் நிலையம் வந்தபோது விமான சேவை கடனில் அமிழ்ந்திருந்தது. 2022 ஜனவரியில் எயர் இந்தியா ராற்றா குழுமத்துக்குக் கைமாறியது; பொறியியல் நிறுவனமோ தனியாக அரசிடமே தங்கிற்று. பட்டறை மட்டும் இருந்தாற் போதாது, அதனை நடத்தும் நிறுவனத்தின் நலமும் வேண்டும் என்பதை இந்திய அனுபவம் உணர்த்துகின்றது.

இத்தகைய உள்நாட்டு நிபந்தனைகள் சருவதேசச் சட்டத்துக்கு ஒவ்வாதன எனச் சிலர் வாதிப்பர். 1979ஆம் ஆண்டுச் சிவில் விமான வாணிக உடன்படிக்கை, விமானம் வாங்குவோர்மீது அரசுகள் நெருக்குதல் செலுத்துவதைத் தடுக்க முயன்றது உண்மையே. ஆயின் அவ்வுடன்படிக்கை ஒப்பமிட்ட நாடுகளையே கட்டுப்படுத்தும். இலங்கையும் இந்தியாவும் அதில் ஒப்பமிடவில்லை. அன்றியும், வாங்குவோனாகிய நிறுவனம் தன் வாணிக நலன் கருதிப் பராமரிப்புப் பங்கைக் கேட்பதற்கு எச்சட்டமும் தடையன்று.

மறைவான வாசகமும் இலஞ்சமும்

பராமரிப்பு வாசகங்கள் சிக்கலானவை. அவற்றை ஆராய வல்லோர் சிலர். அவற்றின் பயன் தெரிய இருபது ஆண்டு செல்லும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் ஊழலுக்கு உகந்த விளைநிலமாகும்.

2017 ஜனவரியில் இலண்டன் நீதிமன்றமொன்றில் றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் வழக்கை ஒத்திவைக்கும் உடன்பாட்டுக்கு வந்தது. பிரித்தானியா, அமெரிக்கா, பிரேசில் ஆகிய மூன்று நாடுகளுக்குமாக அது செலுத்த உடன்பட்ட தொகை ஏறத்தாழ 671 மில்லியன் பவுண்களாகும். அரச விமான சேவையாகிய தாய் எயர்வேய்ஸ் வாங்கிய ட்ரென்ற் 800 எஞ்சின்கள் தொடர்பில் 1991 முதல் 2005 வரை 36 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகை இடைத்தரகர் வழியே சென்றது அதில் வெளியாயிற்று. இந்தோனேசியாவின் கருடா விமான சேவைக்கான ட்ரென்ற் 700 எஞ்சின் வாணிகத்தில் பணத்தோடு சொகுசுக் கார் ஒன்றும் கைமாறியிருந்தது. சீனக் கிழக்கு விமான சேவைக்கு 2013இல் வழங்கப்பட்ட 5 மில்லியன் டொலர் பணச் சலுகையின் ஒரு பகுதி அந்நிறுவனத்தாரின் வெளிநாட்டுப் பயிற்சிநெறிக்கும் உல்லாசத்துக்கும் செலவாயிற்று. கருடாவின் முன்னாள் தலைவர் எமிர்ஷா சத்தார் 2020 மே மாதத்தில் எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வழக்கில் குற்றத்துக்கு இடமாயிருந்தவற்றுள் ட்ரென்ற் 700 எஞ்சின்களுக்கான முழுப் பராமரிப்பு உடன்படிக்கையும் ஒன்று என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது.

இலங்கையின் பெயர் 2020 ஜனவரி 31ஆந் திகதி இலண்டனில் வெளியான எயர்பஸ் தீர்ப்பில் இடம்பெற்றது. ஆறு ஏ330 விமானங்களையும் நான்கு ஏ350 விமானங்களையும் ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் வாங்குவதற்கும், மேலும் நான்கு ஏ350 விமானங்களைக் குத்தகைக்கு எடுப்பதற்குமாக, அந்நிறுவன உயரதிகாரி ஒருவரின் மனைவியுடைய கம்பனிக்கு 16.84 மில்லியன் டொலர் வரை வழங்க முன்வந்து, 2 மில்லியன் டொலர் செலுத்தப்பட்டதாக அத்தீர்ப்பின் நிகழ்வுரை கூறுகின்றது. அப்பெண்ணின் பெயரையும் பாலையும் மறைத்துப் பிரித்தானிய ஏற்றுமதிக் கடன் நிறுவனம் தவறாக வழிநடத்தப்பட்டமையும் அதில் பதிவாகியுள்ளது. அடுத்த மாதம் கொழும்பில் முன்னாள் பிரதம நிறைவேற்று அதிகாரியும் அவர் மனைவியும் கைதாகி நீதவான் முன் நிறுத்தப்பட்டனர். கைது தீர்ப்பாகாது என்பது சட்டம் பயில்வோர் அறிந்ததே. ஆயின் நம் நாட்டுப் பொதுப்பணம் பற்றிய உண்மை முதலிற் பதிவானது புதுக்கடையில் அன்று, இலண்டனில் என்பது சிந்தனைக்குரியது.

விமானத்தைப் பற்றிய அவ்வழக்கிலும் எஞ்சின் மறைந்து நிற்கின்றது. ஏ350 விமானத்துக்குப் பொருந்துவது றோல்ஸ் றோய்ஸின் ட்ரென்ற் எக்ஸ்.டபிள்யூ.பி. எஞ்சின் ஒன்றே. ஆகவே விமானத்தைத் தெரிவுசெய்தவுடன் எஞ்சினும் அதன் வாழ்நாட் பராமரிப்பும் போட்டியின்றியே தெரிவாகி விடுகின்றன. பேரத்துக்குரிய வேளை விமான உடன்படிக்கையில் ஒப்பமிடுவதற்கு முந்திய வேளையே; அதன்பின் வாங்குவோன் கையில் யாதும் இல்லை. அந்த ஏ350 விமானங்கள் இலங்கைக்கு வரவேயில்லை. 2016இல் குத்தகை விமானங்களைக் கைவிட்டதற்காக 98 மில்லியன் டொலர் இழப்பீடு செலுத்தவேண்டியதாயிற்று.

இலங்கைக்குரிய படிப்பினை

சிங்கப்பூரைப் போல இலங்கையும் எஞ்சின் பட்டறை கட்டியிருக்கவேண்டும் என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் அது முற்றிலும் நேர்மையான வாதமன்று. சிங்கப்பூர் பல்லாண்டுகளாக நூற்றுக்கணக்கான பெரிய எஞ்சின்களை இயக்கிய நாடு. இலங்கையிடம் இரண்டு டசின் விமானங்களே இருந்தன. போதிய எஞ்சின்கள் வாராத பட்டறை திறைசேரிக்கு இன்னுமொரு சுமையாகவே முடிந்திருக்கும்.

ஆகவே கேட்டிருக்கவேண்டியது முழுப் பட்டறை அன்று, அளவுக்கேற்ற பங்கு. எஞ்சினின் சில பகுதிகளையேனும் உள்நாட்டிற் கழற்றிச் சீர்செய்யும் உரிமை, நமது பொறியியலாளருக்கு ஆக்குவோரின் பட்டறைகளிற் பயிற்சி, குறுந்தூரப் பறப்புகளைக் கருத்திற்கொண்ட கட்டண விகிதம், அவசர வேளைக்கு மாற்று எஞ்சின், பராமரிப்புப் பதிவேடுகளின் உடைமை, அயல்நாட்டுச் செலாவணி தட்டுப்பட்டால் தவணை நீட்டிப்பு என்பன சிறு நாடும் கேட்கக்கூடியவை. விமான வகைகளைக் குறைத்து ஒரே வகை எஞ்சினைப் பெருக்கியிருந்தால் அவற்றைக் கேட்கும் வலுவும் பெருகியிருக்கும். எயர் சிலோன் காலத்துப் பாடம் இதுவே.

இவை வெறும் நிர்வாக நுணுக்கங்கள் அல்ல. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்தமாட்டாது நின்றது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத அக்காலத்தையடுத்து, எஞ்சின் இன்மையால் தேசிய விமான சேவையின் விமானங்கள் சில கட்டுநாயக்கவில் முடங்கிக் கிடந்தன. வெளியிலே பழுதுபார்ப்பவனுக்கு வேண்டியது டொலர். உள்ளே திறமை இருந்தும் உரிமை இல்லை. அனுபவம் மிக்க பொறியியலாளர் பலர் வளைகுடா நாடுகளுக்குப் பெயர்ந்தனர். அந்நிறுவனத்தின் 175 மில்லியன் டொலர் பிணைமுறிக்கு உத்தரவாதம் வழங்கியிருந்தது அரசே. 2024இல் அது முதிர்ந்தபோது முதல் திருப்பிச் செலுத்தப்படவில்லை. விமானத்தில் ஒருநாளும் ஏறியறியாத தோட்டத் தொழிலாளியும் மீனவரும் பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் செலுத்தும் வரியிலிருந்தே இச்சுமைகள் தாங்கப்படுகின்றன.

அரச நிறுவனம் செய்யும் நீண்டகாலப் பராமரிப்பு உடன்படிக்கைகள் வாணிக இரகசியம் என்னும் திரைக்குள் வைக்கப்படுவதே வழமையாயுள்ளது. விலையை மறைப்பதற்கு ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் உள்நாட்டுப் பராமரிப்புப் பங்கு யாது, இடைத்தரகர் யார், முறிவு இழப்பீடு எவ்வளவு எனும் மூன்றும் ஒப்பமிடுமுன் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் பார்வைக்கும் பாராளுமன்றக் குழுவின் பார்வைக்கும் வருதல் வேண்டும். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இத்திசையில் ஒரு வாயிலைத் திறந்துள்ளது. அதனைப் பயன்படுத்தும் பொறுப்பு பல்கலைக்கழகங்களிற் பொறியியலும் வணிகமும் சட்டமும் பயிலும் தலைமுறையைச் சார்ந்தது.

கிணற்றுப் பங்கு எழுதப்படாத உறுதியை ஒப்பமிட்ட பின்னர் திருத்துதல் அரிது என்பதைப் புதுக்கடையில் தொழில்புரிவோர் நன்கறிவர். காணி வாங்குவோன் தன் பணத்தை இழப்பான். அரசு அவ்வாறு ஒப்பமிட்டால் இழப்பது பிறக்கப்போகும் குழந்தைகளின் பணமுமாகும். அடுத்த விமானக் கொள்வனவின் உறுதி வரையப்படும்போது கிணற்றை முதலிற் பார்க்கும் கண்கள் அம்மேசையில் இருத்தல் வேண்டும்.